மனநிலைக் கோளாறுகள்: கம்பத்திலும் குமுளியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. என் அக்காவுக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் கீழேயும் சில காலம் மேலேயும் போகிற நோய். பதினோரு வருடமாக அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு மேலும் கீழும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன். கம்பம், கூடலூர், புதுப்பட்டியிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி கேரளாவுக்கு ஏலக்காய் வேலைக்குப் போகிறவர்கள், வண்டிப்பெரியாறு பக்கம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருக்கிறவர்கள், தேக்கடியில் கடை வைத்திருக்கிறவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. படித்துத் தெரிந்துகொண்டதையும், அக்காவைப் பார்க்கும் மருத்துவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததையும் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“மனசு சரியில்ல”ன்னு எல்லாருந்தான் சொல்றோம். அது எப்போ நோயாகுது?

துக்கத்துக்கு இடைவெளி உண்டு. கணவனை இழந்தவள்கூட பேரன் மடியில் ஏறி மூக்கைப் பிடித்து இழுத்தால் ஒரு கணம் சிரிப்பாள். மனச்சோர்வு நோயில் அந்தச் சிரிப்பு வராது. பேரன் வந்தது கண்ணுக்குத் தெரியும், மனசில் ஒட்டாது.

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு இரண்டு வாரம். நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா நாளும், மனம் இறுகிக் கிடக்க வேண்டும். அல்லது எதிலும் நாட்டம் இல்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுவது (விடியற்காலை மூன்று மணிக்கே முழித்துக்கொள்வது, அல்லது பகலெல்லாம் தூங்குவது), பசி குறைவது அல்லது கூடுவது, உடம்பு அசதி, கவனம் நிற்காமல் போவது, நடையும் பேச்சும் மெதுவாகிவிடுவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, “நான் எதுக்கும் லாயக்கில்ல” என்ற குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு. எல்லாம் சேர்த்து ஐந்தாவது இருந்து, வேலையும் வீடும் அதனால் தடுமாறினால், அது நோய்.

நம் பக்கத்தில் யாரும் “சோகமா இருக்கு” என்று ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, மேலெல்லாம் வலி, சோறு இறங்க மாட்டேங்குது என்றுதான் போகிறார்கள். இ.சி.ஜி. எடுப்பார்கள், கேஸ் மாத்திரை கொடுப்பார்கள், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று முறை “எல்லாம் நார்மல்” என்று வந்த பிறகும் ஆள் வாடிக்கொண்டே போனால், அடுத்து போக வேண்டியது மனநல மருத்துவரிடம். அந்த வலி பொய்யில்லை. மனச்சோர்வு நிஜமாகவே உடம்பை வலிக்கச் செய்யும்.

இது ஒரே நோயா, பல நோயா?

குடும்பம் ஒன்று, பிள்ளைகள் பல. கீழே மட்டும் இறங்குவது மனச்சோர்வு. அவ்வளவு ஆழமாக இல்லாமல், இரண்டு வருடத்துக்கு மேல் மந்தமாகவே இழுத்துக்கொண்டிருப்பது நாட்பட்ட சோர்வு. இதை ஊரில் “அவ சுபாவமே அப்படி” என்று விட்டுவிடுகிறோம். சில காலம் கீழே, சில காலம் மேலே என்று போவது இருமுனைக் கோளாறு. மேலே போகும் கட்டத்தை மிகையெழுச்சி என்கிறார்கள். அது முழு வேகத்தில் ஒரு வாரமாவது நீடித்தால், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனால் முதல் வகை. நான்கு நாளாவது நீடித்து, லேசாக ஏறி இறங்கினால் இரண்டாம் வகை. இரண்டாம் வகையை வீட்டில் யாரும் கண்டுபிடிப்பதே இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

“நல்லா சுறுசுறுப்பாத்தான இருக்கா, இதுக்கெல்லாம் டாக்டர்ட்ட போவாகளா?”

என் அம்மா கேட்ட கேள்வி இது. நோய் வெளியே தெரிந்த வருடம் ஆடியில் அக்கா ஜீப்புக்கு எழுந்திருக்கவே மாட்டாள். வாசலில் ஹாரன் அடிக்கும், தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி வைத்திருப்போம், சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பாள். கீழே ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் எழுந்துவிட்டாள். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள்.

ஆனால் அவள் எழுந்தவள் படுக்கவே இல்லை. இரவு இரண்டு மணிக்குப் பாத்திரமெல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்கினாள். விடிந்ததும் அசதி துளியும் இல்லாமல் ஜீப்பில் முதல் ஆளாக ஏறினாள். இரண்டு ஆள் எடுக்கிற காயை ஒருத்தியாக எடுத்தாள், கங்காணி மெச்சிக்கொண்டார். பேச ஆரம்பித்தால் ஒன்றிலிருந்து ஒன்று தாவும், நடுவில் யாரும் வாய் திறக்க முடியாது. தவணைக்குப் பதினான்கு சேலை எடுத்தாள். “தனியா ஏலக்காய் கடை போடப்போறேன், கொச்சியில ஆள் பேசிட்டேன்” என்றாள். பத்தாம் நாள், வழிமறித்த மாமாவைக் கன்னத்தில் அறைந்தாள். அவள் குரலில் யாரோ வேறு ஆள் பேசுவது போல இருந்தது.

கவனிக்க வேண்டியது தூக்கத்தை. தூக்கம் வராமல் தவித்து மறுநாள் சோர்ந்து கிடந்தால் அது வேறு. இரண்டு மூன்று மணி நேரம் தூங்கி, அதுவே போதும் என்று குதிரை மாதிரி ஓடினால், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பேச்சு வேகம், பணச் செலவு, திடீர்த் திட்டங்கள், சட்டென்று வரும் கோபம், அடக்கமில்லாத நடத்தை எல்லாம் அதன் பின்னால் வரும். இன்னும் முற்றினால் காதில் குரல் கேட்கும், தான் தெய்வம் என்று தோன்றும்.

அப்படியானால் மாத்திரைதான் அவளை மேலே ஏற்றிவிட்டதா?

பெரும்பாலும் அப்படித்தான். இருமுனைக் கோளாறு உள்ளவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மிகையெழுச்சி கிளம்பிவிடும். கொடுத்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. “முன்னாடி எப்பவாவது ரொம்ப உற்சாகமா, தூக்கமே இல்லாம இருந்திருக்காங்களா?” என்று அவர் கேட்டார். இல்லை என்று சொன்னது நாங்கள்தான். அதற்கு நான்கு வருடத்துக்கு முன் திருவிழா சமயத்தில் அவள் ஒரு வாரம் அப்படி ஆடித் திரிந்தது எங்களுக்கு நோயாகத் தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் தெரிந்தது.

இது ஏன் வருகிறது?

ஒற்றைக் காரணம் கிடையாது. “மூளையில ஒரு ரசாயனம் கொறைஞ்சிருச்சு” என்று சுருக்கமாகச் சொல்வார்கள். செரடோனின், டோபமின் போன்றவை இதில் சம்பந்தப்பட்டவைதான், மருந்துகள் அவற்றின் வழியாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் குறைந்ததை நிரப்பினால் முடிந்தது என்கிற அளவுக்கு அது எளிதில்லை.

வம்சாவளிக்குப் பெரிய பங்கு உண்டு, இருமுனைக் கோளாறில் இன்னும் கூடுதல். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வருகிற நோய், பெற்றோரிலோ கூடப்பிறந்தவரிலோ ஒருவருக்கு இருந்தால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. என் மகளைப் பற்றிப் பயம் வரும்போது நான் அந்தத் தொண்ணூறைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வாழ்க்கை அடிக்கிற அடியும் காரணம்தான். சின்ன வயதில் பட்ட கொடுமை, வீட்டில் அடி உதை, குழுக்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பது, ஏலக்காய் விலை விழுந்து வேலை நாள் குறைவது, பிள்ளை சாவு. குடி தனியாக ஒரு காரணம். சோர்வுக்குக் குடித்து, குடியால் சோர்ந்து, செக்கு மாடு போல அதையே சுற்றுவார்கள்.

உடம்பு நோய் மனநோய் வேடத்தில் வருவதும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். ரத்தசோகை, பி12 சத்துக் குறைவு, நாள்பட்ட ஸ்டீராய்டு மருந்து எல்லாமே மனநிலையைக் கெடுக்கும்.

தூக்கத்தை மறுபடியும் சொல்கிறேன். ஏற்கெனவே இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு நாலைந்து இரவு தூக்கம் போனாலே மிகையெழுச்சி வந்துவிடலாம். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா எட்டு நாளும் எங்கள் ஊரில் யார் தூங்குகிறார்கள்? அக்கா இப்போதும் தீச்சட்டி எடுக்கப் போகிறாள், ஆனால் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

“இது செய்வினைண்ணே. மாத்திரைக்கெல்லாம் கேக்காது.”

சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லி யாரிடமும் நான் சொன்னதில்லை. கேரளத்துச் சோட்டானிக்கரை பகவதி கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்தே போனார்கள். குருதி பூஜை பார்த்து வந்த அம்மாவுக்கு மனசு ஆறியது. ஆனால் போகிற பையில் மாத்திரையும் இருக்க வேண்டும், வேளை தவறக் கூடாது.

கட்டிப்போடுவதை மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். நம்மைப் போன்ற குடும்பங்கள்தான், குணமாகும் என்று நம்பி விட்டுவிட்டு வந்தவர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது.

எந்த ஸ்கேன் எடுத்தால் தெரியும்?

எதிலும் தெரியாது. தலையை ஸ்கேன் செய்து “இது மனச்சோர்வு” என்று சொல்லும் வசதி இன்றைக்கும் இல்லை. வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுப்பார்கள்: தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, தேவைப்பட்டால் பி12. வலிப்போ, தலையில் அடியோ, வயதான பிறகு முதல்முறையாக வந்ததோ என்றால் ஸ்கேன் எழுதலாம்.

மீதியெல்லாம் பேச்சுதான். ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம், அந்தத் தாளை வைத்து மட்டும் நோய் என்று முடிவு கட்டுவதில்லை. பிறகு மருத்துவர் கதை கேட்பார்: எப்போது தொடங்கியது, இதற்கு முன் இப்படி இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, குடி உண்டா, எந்த மாத்திரை எடுத்தீர்கள். கூட இருக்கிறவர் சொல்கிற கதை இங்கே ரத்தப் பரிசோதனையைவிடப் பெரிது. மேலே இருக்கும்போது தான் மேலே இருப்பது நோயாளிக்குத் தெரியாது. கீழே இருக்கும்போது மேலே இருந்த நாள் ஞாபகத்துக்கு வராது. அதைப் பார்த்த கண் நம்முடையது. அதனால்தான் எல்லாரையும் ஒரு நோட்டு எழுதிவைக்கச் சொல்கிறேன்.

கேரளா ஆஸ்பத்திரியில் பேச்சு புரியவில்லை என்கிறார்களே?

எங்கள் தெரு மதினி ஒருத்தி மலையில் வேலை செய்யும்போது மயங்கி விழுந்து, அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினாள். நர்ஸ் அன்பாகக் கேட்டிருக்கிறார்: “சேச்சி, மனஸ்ஸில் விஷமம் வல்லதும் உண்டோ?” மதினி பதறிப்போய், “ஐயோ இல்லம்மா, நான் யாருக்கும் ஒரு விஷமமும் பண்ணினதில்ல” என்றாள். இல்லை என்று குறித்துக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். நமக்குத்தான் அது குறும்பு, கெடுதல். மகனைப் பறிகொடுத்து ஐந்து மாதம்கூட ஆகாத ஒருத்தி தனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னதாக ஒரு சீட்டு, அந்த மலையில் எங்கோ கிடக்கிறது.

சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விஷாத ரோகம் என்றால் மனச்சோர்வு நோய், அதில் விஷம் எதுவும் இல்லை. உன்மாதம் என்றால் மிகையெழுச்சி. வெப்ராளம் என்றால் பதற்றம், க்ஷீணம் என்றால் அசதி, உறக்கம் நமக்கும் உறக்கம்தான். முடிந்தால் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சாக நினைத்ததைப் பத்து வயது மகன் வாயால் சொல்லவைக்கக் கூடாது.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போடணுமா? அடிமையாகிவிடுவோமா?

இந்தப் பயத்தால்தான் பாதிப் பேர் நடுவில் நிறுத்துகிறார்கள். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செர்ட்ரலின், எஸ்சிட்டாலோபிராம், ஃபுளூவாக்ஸடின் போன்ற சோர்வு மாத்திரைகள் போட்ட அன்றே வேலை செய்யாது. முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, லேசான படபடப்பு வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுமையாகத் தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகும். பத்தே நாளில் “கேக்கல” என்று நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் சில சமயம் கூடலாம், அந்த நாட்களில் கூடவே இருங்கள்.

முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தலாம். இரண்டு மூன்று முறை திரும்பி வந்திருந்தால் வருடக்கணக்கில் தேவைப்படும். இருமுனைக் கோளாறுக்குப் பெரும்பாலும் நீண்டகாலம்தான், சர்க்கரை வியாதி மாதிரி.

திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் கரண்ட் அடித்த மாதிரி உணர்வு வரும். அதை வைத்து “அடிமையாயிட்டேன்” என்று எண்ணிக்கொள்கிறார்கள். அடிமைத்தனம் என்றால் மேலும் மேலும் கேட்க வேண்டும். இந்த மாத்திரையை யாரும் ஆசைப்பட்டு இரண்டு கூடுதலாகப் போடுவதில்லை. பழக்கமாகிவிடும் ஆபத்து அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற தூக்க மாத்திரைகளுக்கு உண்டு. அவற்றைச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் தப்பு. சீட்டில் எது எந்த மாத்திரை என்று மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் சாப்பிடுகிறவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

அக்கா சாப்பிடுவது இதைத்தான். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மிகையெழுச்சிக்கு இது கேட்பதைக் கண்டறிந்து எழுதினார். இன்றுவரை இருமுனைக் கோளாறுக்கு இது முக்கியமான மருந்து, தற்கொலையைக் குறைப்பதிலும் நல்ல பெயர் உண்டு. ஆனால் அளவு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்பது வழக்கமான வரம்பு. குறைந்தால் பலனில்லை, கூடினால் நஞ்சு. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஏலக்காட்டு வேலைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு, இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோம். இவை லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவிடும். வலிக்கு பாரசிட்டமால் போதும். சில பிரஷர் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும், அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக லித்தியம் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். வாந்தி பேதி, கடும் காய்ச்சல் என்று உடம்பில் நீர் வற்றினாலும் அளவு ஏறும். பத்தியம் என்று உப்பைத் திடீரென நிறுத்தக் கூடாது. கை நடுக்கம் கூடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி பேதி எல்லாம் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

லித்தியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வால்ப்ரோயேட், க்வெட்டியாபின், ஒலான்சபின், லாமோட்ரிஜின் என்று வேறு வழிகள் உண்டு. ஒலான்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். லாமோட்ரிஜினில் தோலில் தடிப்பு வந்தால் அன்றே காட்ட வேண்டும். வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தைக்குப் பெரும் ஊனம் ஏற்படுத்தலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அதை எழுதினால், “வேற மருந்து இருக்கா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சும்மா பேசினாலே குணமாகுமா?

லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு முறைப்படி பேசும் சிகிச்சை மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கிறது. அது ஆறுதல் வார்த்தை இல்லை, ஒரு முறைமை. மனம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையை முதலில் செய்யவைத்து மனத்தைப் பின்னால் வரவைப்பது அதில் ஒரு வழி. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வு நடத்திப் பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்ததை 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நம் லயங்களில் பத்தாவது படித்த எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்! அவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடைத்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

இருமுனைக் கோளாறுக்கும் கடுமையான சோர்வுக்கும் பேச்சு மட்டும் போதாது, மருந்தோடு சேர்த்துத்தான்.

கரண்ட் ஷாக் கொடுப்பார்களா?

எல்லாருக்கும் இல்லை. சோறு தண்ணீர் இறங்காமல் கட்டையாகக் கிடப்பவர்கள், தற்கொலை ஆபத்து உச்சத்தில் இருப்பவர்கள், மருந்து கேட்காதவர்களுக்கு. சினிமாவில் நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பது போல இப்போது கிடையாது; மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பது 2017 சட்டப்படி குற்றம். ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை வரை போகும். அந்த வாரங்களின் ஞாபகம் கொஞ்சம் மங்கும், சிலருக்கு அதற்கு முந்தைய சில நினைவுகளும் போகலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

பிள்ளை பெற்றவள் அழுதுகொண்டே இருக்கிறாள். பச்ச உடம்புக்கு அப்படித்தானா?

முதல் பத்துப் பதினைந்து நாள் கண்ணீர் வருவது சகஜம், தானாகப் போகும். அதைத் தாண்டியும் நீண்டால், பிள்ளை முகத்தையே பார்க்காமல் இருந்தால், அது பேறுகாலச் சோர்வு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு.

இன்னொன்று அவசரம். பிரசவமான முதல் இரண்டு மூன்று வாரத்தில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால், ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வருகிற இந்த மனநோய் முறையாகப் பார்த்தால் நன்றாகக் குணமாகும், பார்க்காவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள்.

“ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா சரியாயிரும்.”

சரியாகாது. மறைத்துக் கட்டிவைத்தால் கல்யாண வீட்டுத் தூக்கக்கேட்டிலேயே நோய் திரும்பும், புது வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட முடியாமல் நிறுத்துவாள். சொல்லி, நிலைப்பட்ட பிறகு செய்த கல்யாணங்கள் நன்றாக நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அக்காவுடையது அதில் ஒன்று.

“செத்துரலாம்னு இருக்கு”ங்கிறாள். சும்மா மிரட்டுகிறாளா?

மிரட்டல் என்று ஒருநாளும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். “சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கூடாது, பாரம்தான் குறையும்.

முதல் வேலை, வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துவது. மருந்தடித்து மிஞ்சியதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பது நம் பக்கம் சாதாரணம். அந்த எண்ணம் உச்சத்துக்கு ஏறி இறங்குவது பல பேருக்குச் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். மாத்திரைகளையும் நீங்களே வைத்திருந்து வேளாவேளைக்குக் கொடுங்கள்.

14416 என்ற எண்ணை எல்லா போனிலும் போட்டுவையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, நாள் முழுக்க இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 எண்களும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று வீட்டிலேயே வைத்திருந்து இழந்த குடும்பம் எனக்குத் தெரியும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. வண்டி பிடித்து ஓடுங்கள், எதற்கும் பயப்படாதீர்கள்.

எங்கே போவது? செலவு?

இரண்டு மாநிலத்திலும் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்தும் இலவசம். கீழே கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேலே கேரளத்தில் குடும்ப சுகாதார மையங்களிலேயே மனச்சோர்வுக்கு ‘ஆஸ்வாசம்’ என்ற திட்டம் உண்டு. எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் போங்கள். ஆனால் ஒரே பக்கமாகப் போங்கள். வேலை நாளில் மேலே ஒரு மாத்திரை, ஊருக்கு வந்தால் கீழே ஒரு மாத்திரை என்று சாப்பிட்டால் இருவரும் பாதி நோயைத்தான் பார்ப்பார்கள். காப்பீட்டிலும் மனநோய்க்கு உடல்நோய்க்குச் சமமான இடம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

வீட்டில் எப்படிப் பேசுவது?

“எந்திரிச்சு நாலு வேலையப் பாரு, எல்லாம் சரியாப் போகும்” என்று சொல்லாதீர்கள். முடிந்தால் எழுந்திருப்பாள். “ஏக்கா, தலைக்குத் தண்ணி ஊத்திவிடட்டா?” என்பது மாதிரி சின்னதாக ஒன்று கேளுங்கள். மேலே இருக்கும்போது வாக்குவாதம் வேண்டாம், குரல் தாழ்த்தி, ஏ.டி.எம். அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நல்ல நாளிலேயே அவளிடம் சம்மதம் வாங்கிவிட வேண்டும். அக்காவே எங்களிடம் சொல்லியிருக்கிறாள்: “ராத்திரி ரெண்டு மணிக்கு நான் பாத்திரம் துலக்கினா டாக்டருக்குப் போன் போடு, நான் திட்டினாலும் போடு.”

நோட்டு எழுதச் சொல்கிறீர்களே, அதில் என்ன எழுதுவது?

ஒரு கோடு போட்ட நோட்டு போதும், தமிழிலேயே எழுதுங்கள். நாளுக்கு ஒரு வரி. எத்தனை மணி நேரம் தூங்கினார், மாத்திரை போட்டாரா, மனசு கீழேயா நடுவிலா மேலேயா, வேலைக்குப் போனாரா. பெண்களுக்கு மாதவிலக்குத் தேதி. பெரிய சம்பவம் ஏதாவது நடந்தால் அது. முன்பக்கத்தில் பழைய கதை: எந்த வருடம் கீழே, எந்த வருடம் மேலே, அப்போது என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளவில்லை. மேலே இருந்த வாரங்களைச் சந்தோஷமாக இருந்த வாரம் என்று விட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

மாத்திரை பெயரை எழுதச் சிரமமாக இருந்தால், தீர்ந்துபோன அட்டையில் பெயரும் மில்லிகிராமும் தெரிகிற துண்டை வெட்டி நோட்டில் பசை போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதி போட்டுவிடுங்கள். அக்காவின் நோட்டில் இப்படி முப்பதுக்கு மேல் ஒட்டியிருக்கிறோம். அவசரத்துக்கு எந்தப் பக்கம் காட்ட நேர்ந்தாலும், கம்பத்து மருத்துவரும் படிக்கலாம், கட்டப்பனை மருத்துவரும் படிக்கலாம்.